சின்ன டவுன்ல குப்பைமேடான ஒரு தெருவை மீட்கிறது எப்படி? வெளக்கமாத்த கடைசியா எடுங்க

எங்க தெருவ நாங்க ரெண்டு தடவை சுத்தம் பண்ணோம். மதுரைக்குத் தெக்க ஒரு சின்ன நகராட்சி, அதுல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்க பழைய தெரு. முதல் தடவை அறுபது பேர் வந்தாங்க, ஃப்ளெக்ஸ் அடிச்சோம், எல்லாத்துக்கும் ஒரே கலர்ல தொப்பி, பெரிய மனுசங்க வந்து வெளக்கமாத்த பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டு போனாங்க, பொங்கல் வடைன்னு டிபன் கூட போட்டோம். பதினோராவது நாள் பாத்தா அதே எடத்துல கோழி இறகு பறந்துக்கிட்டு இருக்கு. ரெண்டாவது தடவை வந்தது பதினேழு பேருதான், ஃப்ளெக்ஸ் கிடையாது, தொப்பி கிடையாது, ஆனா ரெண்டு வருசம் ஆகப் போகுது, எடம் இன்னும் அப்படியே இருக்கு. அந்த ரெண்டாவது தடவை என்ன மாத்திப் பண்ணோம்னுதான் எழுதுறேன், உங்க ஊருக்குத் தக்கன கூட்டி கொறச்சுக்கங்க.

முதல் வேலை, ஒரு வாரம் சும்மா உக்காந்து பாக்குறது. காலைல அஞ்சரைலருந்து எட்டு, ராத்திரி ஒம்போதுலருந்து பதினொண்ணு, ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி ஒரு சேரப் போட்டு உக்காந்து யாரு போடுறா, என்ன போடுறா, எத்தன மணிக்குப் போடுறான்னு ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதுங்க. பேர் எழுதாதீங்க, நோட்டு யாரு கைலயாவது மாட்டுச்சுன்னா வம்பு. "கைலி, டிவிஎஸ் வண்டி, ரெண்டு பை, 10.20" இப்படி இருந்தா போதும்.

இந்த ஒரு வாரம் எங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. தெருக்கோடில இருக்க காலனிக்காரங்கதான் கொட்டுறாங்கன்னு வருசக்கணக்கா பேசிக்கிட்டு திரிஞ்சோம், நானும்தான். நோட்ட பாத்தா அந்தப் பக்கத்துலருந்து வந்தது ஒண்ணு ரெண்டு பைதான். பாதிக்கு மேல போட்டது எங்க தெரு வாடகை வீட்டு ஆளுங்க, அவங்க ஏன் போடுறாங்கன்னா காலைல ஆறே முக்காலுக்கு மில்லு பஸ்ஸு, பாட்டு போட்டுக்கிட்டு வர்ற பேட்டரி வண்டி எங்க தெருவுக்கு வர்றது எட்டரைக்கு. வீட்டப் பூட்டிட்டு போறவன் குப்பைய பாக்கெட்லயா வச்சுக்குவான்? போற வழில வீசிட்டுப் போறான். மிச்சம், ரெண்டு தெரு தள்ளி இருக்க கோழிக்கடை ஒண்ணு, ராத்திரி கடை அடைக்கிற பரோட்டாக் கடை ஒண்ணு, புதுசா வீடு கட்டுறவங்க கொண்டாந்து தட்டுற இடிசல். அவ்வளவுதான். மொத்தமே நாலு பிரச்சனை, நாலுக்கும் நாலு விதமா மருந்து.

வண்டி நேரத்துக்கு நாங்க செலவழிச்சது ஒரு டீ. வண்டி ஓட்டுற அக்காகிட்டயும் மேஸ்திரிகிட்டயும் உக்காந்து பேசுனோம், ரூட்ட தலைகீழா திருப்பி எங்க முனைலருந்து ஆரம்பிச்சா ஆறேகாலுக்கு வந்துரும்னு அந்த அக்காவேதான் சொன்னாங்க. யாரும் அதுவரைக்கும் அவங்கள கேட்டதில்லயாம். ஒரு தெருவோட குப்பைய பத்தி தூய்மைப் பணியாளர்கள விட தெரிஞ்சவங்க ஊர்ல கிடையாது, அதனால எந்த மீட்டிங் போட்டாலும் அவங்களுக்கும் சேர் போட்டு, எல்லாருக்கும் குடுக்குற அதே டம்ளர்ல டீ குடுத்து, முதல்ல அவங்கள பேச விடுங்க. இத தனியா சொல்ல வேண்டி இருக்கே அப்படிங்கறதே கேவலம்தான், ஆனா சொல்ல வேண்டி இருக்கு.

அடுத்தது எடம் யாரோடதுன்னு பாக்கணும். இதப் பாக்காம எறங்குனா பாதில ஒருத்தர் பட்டாவ தூக்கிக்கிட்டு வந்து நிப்பாரு. சின்ன டவுன்ல குப்பைமேடு ஆகுறது பெரும்பாலும் மூணு வகை எடம்: ஓனர் வெளியூர்ல இருக்க காலி மனை, புறம்போக்கு, வாறுகால் (சாக்கடை) ஓரம். தமிழ்நாடு அரசோட இ-சேவை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டா புறம்போக்கா பட்டாவான்னு தெரிஞ்சுரும், நம்பர் தெரியலன்னா விஏஓகிட்ட கேளுங்க. தனியார் மனைன்னா ஓனர்ட்ட ஒரு வார்த்தை போன்ல கேட்டு, சரின்னு வாட்சப்ல ஒரு மெசேஜ் வாங்கி வச்சுக்கங்க. எங்க ஆளு சிங்கப்பூர்ல இருந்தாரு, "நல்லது தம்பி, வேலியும் போட்ருங்க"ன்னு பாதி காசு அனுப்பிட்டாரு. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க, அது வேற விசயம்.

ஆள் சேர்க்கிறதுக்கு கட்சிக்காரங்ககிட்ட முதல்ல போகாதீங்க, ஒருத்தர்கிட்ட போனா இன்னொருத்தர் வர மாட்டாரு. டீக்கடை, இஸ்திரி போடுறவரு, மகளிர் குழு அக்காங்க, சாயங்காலம் கேரம் ஆடுற பசங்க, இந்த நாலு எடத்துல பேசுனா தெருவே தெரிஞ்சுக்கும். குழு அக்காங்க வந்தாதான் வேலை ஓடும், ஏன்னா அவங்களுக்கு மாசாமாசம் கூட்டம் நடத்தியும் கணக்கு எழுதியும் பழக்கம், நம்ம பசங்க வாட்சப் குரூப் ஆரம்பிச்சு குட்மார்னிங் போடுறதோட சரி. கவுன்சிலர்கிட்ட கண்டிப்பா முன்னாடியே சொல்லிருங்க, சொல்லாம பண்ணுனா அவர ஒதுக்குனதா ஆயிரும், அப்பறம் டிராக்டர் வராது. காசு கொஞ்சமா வசூல் பண்ணுங்க, எங்களுக்கு வீட்டுக்கு நூறு ரூபா போதுமா இருந்துச்சு, வரவு செலவ ஒரு தாள்ல எழுதி டீக்கடை செவத்துல ஒட்டிருங்க. காசு விசயத்துல சந்தேகம் வந்துச்சுன்னா குப்பைய விட அதுதான் நாறும்.

நகராட்சிக்கு மனு எழுதுறது ஒரு தனிக் கலை. "எங்கள் பகுதி மிகவும் அசுத்தமாக உள்ளது, ஆவன செய்ய வேண்டும்"னு எழுதுனா அது ஃபைல்ல போய் தூங்கும். ஒரே பக்கம், மேல வார்டு நம்பர், தெரு பேரு, எத்தன வீடு, அப்பறம் என்ன வேணும்கறத எண்ணி எழுதுங்க: இந்தத் தேதில காலை ஏழு மணிக்கு ஒரு டிராக்டர், மூணு மணி நேரத்துக்கு ஜேசிபி, ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர், ஒரு மூட்டை சுண்ணாம்பு, எரியாத தெருவிளக்கு போஸ்ட் நம்பர் இன்னது. போட்டோ நாலு ஒட்டி, வீட்டுக்கு ஒருத்தர் கையெழுத்து போட்டு, நகராட்சின்னா கமிஷனர், பேரூராட்சின்னா செயல் அலுவலர் பேருக்கு குடுத்துட்டு, நகல்ல சீல் வாங்காம வெளிய வராதீங்க. நெசமா வேலைய முடிச்சுக் குடுக்கறவரு சுகாதார ஆய்வாளர், அவர நேர்ல ஒரு தடவை பாத்துருங்க. அசையலன்னா 1100, முதல்வரின் முகவரி நம்பர், அங்க பதிவு பண்ணி வர்ற மனு எண்ண பத்திரமா வைங்க. அதுக்கும் ஒண்ணும் நடக்கலன்னா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். எங்க தெருவ வாரத்துக்கு எத்தன நாள் கூட்டணும்னு அட்டவணை இருக்கு, அதக் குடுங்கன்னு கேட்டாலே பாதி வேலை நடந்துரும். ஏரியா சபைன்னு ஒண்ணு 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துலருந்து நகர்ப்புறத்துலயும் நடக்குது, கிராம சபை மாதிரி, அதுலயும் எந்திரிச்சு சொல்லி மினிட்ஸ்ல எழுத வைங்க.

சரி, இப்ப வேலை நாள். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு டூ ஒம்போதரை, அதுக்கு மேல வெயில் ஆள அடிச்சுரும். முகூர்த்த நாளா இருந்தா தள்ளி வைங்க, பாதி ஆளு கல்யாணத்துக்குப் போயிருவாய்ங்க. மாசம்னு கேட்டா என் ஓட்டு புரட்டாசிக்கு, ஐப்பசி மழைக்கு முன்னாடி வாறுகால் கிளியர் ஆயிரும்ல. சாமான்: மம்பட்டி நாலு, கடப்பாரை ஒண்ணு, நீள கைப்பிடி வச்ச குப்பைவாரி, சட்டி, அருவா, வெள்ளைச் சாக்கு அம்பது, தடியான ரப்பர் கிளவுஸ், கால்ல செருப்பு போடாம ஷூ இல்லன்னா கம்பூட். மெடிக்கல்ல விக்கிற மெல்லிசு கிளவுஸ் பத்து நிமிசம் தாங்காது, அதுக்குக் காசு போடாதீங்க. வேலை செய்யறவங்க எல்லாரும் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டுருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுக்கங்க, ஆணி, பிளேடு, உடைஞ்ச குவாட்டர் பாட்டில் இல்லாத குப்பைமேடு தமிழ்நாட்டுலயே கிடையாது.

உள்ள எறங்குறதுக்கு முன்னாடி நீளக் கம்ப வச்சு நல்லா தட்டி ஒரு கால் மணி நேரம் சும்மா விடுங்க. குப்பைமேட்டுல எலி இருக்கும், எலி இருந்தா பாம்பு இருக்கும். கண்ணாடி விரியன் சருகோட சருகா கிடக்கும், மிதிச்சாதான் தெரியும். பாம்பப் பாத்தா அடிக்காம 101க்கு ஃபோன் போடுங்க, ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து பிடிச்சுக்குவாங்க. கடிச்சிருச்சுன்னா கட்டு போடுறது, கீறி விடுறது, மந்திரிக்கிறது ஒண்ணும் வேணாம், அசையாம படுக்க வச்சு 108ல நேரா ஜிஹெச், விஷமுறிவு மருந்து அங்க ஃப்ரீயா இருக்கு. சின்னப் புள்ளைங்கள இந்த கட்டத்துல கூட்டிட்டு வராதீங்க, அவங்களுக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை பின்னாடி இருக்கு.

அள்ளுறப்பவே நாலா பிரிச்சுருங்க, எல்லாத்தையும் ஒரே டிராக்டர்ல தட்டுனா நம்ம குப்பைய அடுத்த ஊரு ஏழைங்க வீட்டுப் பக்கம் மாத்தி வச்ச மாதிரிதான். காயலான் கடைக்குப் போற இரும்பு, அட்டை, பாட்டில் தனி, அந்தக் காசுல டீ செலவு ஓடிரும். கட்டட இடிசல் தனி, அது குப்பையே கிடையாது, பள்ளம் ரொப்ப ஆகும். உடைஞ்ச கண்ணாடிய சாக்குல போடவே போடாதீங்க, அள்ளுற ஆளு கைய கிழிச்சுரும், பழைய பெயிண்ட் டப்பால போட்டு மூடி மேல எழுதுங்க. மிச்சம்தான் டிராக்டருக்கு. கடைசில ஒரு பெருசு வந்து "எதுக்குப்பா இம்புட்டு கஷ்டம், ஒரு தீக்குச்சி போதுமே"ன்னு சொல்லுவாரு, எல்லா ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருக்காரு. எரிக்கக் கூடாது. 2016ல தேசிய பசுமை தீர்ப்பாயமே திறந்த வெளில குப்பை எரிச்சா 5,000 ரூபா, மொத்தமா எரிச்சா 25,000 ரூபா அபராதம்னு சொல்லியிருக்கு. பெருசுக்கு அபராதத்த விட அவரு பேரனோட வீசிங்க ஞாபகப்படுத்துங்க, கேட்டுக்குவாரு.

சீமைக் கருவேலம் நின்னா வெட்டி விட்டுட்டு வந்துராதீங்க, கட்டைலருந்து முன்ன விட அடர்த்தியா தழைச்சு வந்துரும், ஜேசிபி வர்றப்பவே வேரோட பிடுங்கிருங்க. வேற மரம் எதுவா இருந்தாலும் அனுமதி இல்லாம கைய வைக்காதீங்க. பார்த்தீனியம் செடிய பூ விடறதுக்கு முன்னாடி முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு பிடுங்குங்க, சில பேருக்கு உடம்பெல்லாம் அரிச்சு எடுத்துரும்.

வாறுகால் விசயத்துல மட்டும் நான் கறாரா சொல்றேன். யாரும் உள்ள எறங்கக் கூடாது, நீங்களும் கூடாது, காசு குடுத்து வேற ஆளயும் எறக்கக் கூடாது. பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க்ல மனுசன பாதுகாப்பில்லாம எறக்குறது 2013 சட்டப்படி குற்றம், விஷவாயு தாக்கி செத்தவங்க நியூஸ் நாம எத்தன படிச்சிருக்கோம். மூடி இல்லாத சின்ன வாறுகால மேல நின்னுக்கிட்டே நீளக் கைப்பிடியால அள்ளலாம், அதுலயும் வெறுங்கால் வேணாம், எலிக் காய்ச்சல் அந்தத் தண்ணிலருந்துதான் கால் வெடிப்பு வழியா ஏறும். இன்னொண்ணு, அள்ளுன சகதிய கரைலயே குமிச்சு வச்சுட்டு போறது நம்ம ஊரு பழக்கம், ரெண்டு நாள்ல ஒரு மழை பேஞ்சா மொத்தமும் திரும்ப உள்ள. தண்ணி வடிய ஒரு நாள், அதிகமா போனா ரெண்டு நாள், அதுக்குள்ள வண்டில ஏத்திரணும். அந்த ரெண்டாவது ட்ரிப்பயும் மனுவுலயே கேட்டு வாங்கிருங்க, நாங்க அத மறந்துதான் முதல் தடவை மாட்டுனோம்.

அன்னைக்கு சாயங்காலமே அந்த எடத்துல எதாவது ஒண்ணு வந்துரணும், வெறும் எடமா ராத்திரிக்கு விட்டா அவ்வளவுதான். செவத்துல சாமி படம் வரையலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அது பிடிக்கல. குப்பை பத்தடி தள்ளிப் போகும், ஆறு மாசத்துல படத்துக்குக் கீழ ஒரு கல்லு, அப்பறம் ஒரு உண்டியல், அப்பறம் அது யாரோடதுன்னு ஒரு சண்டை. மரக்கன்னு நடுறதும் கூண்டு போடாம வேஸ்ட், எங்க தெரு ஆடுங்க மூணே நாள்ல இருபது கன்னையும் முடிச்சுருச்சுங்க. எங்களுக்கு கை குடுத்தது கோலம். பக்கத்து நாலு வீட்டு அக்காங்க மொறை வச்சு காலைல தண்ணி தெளிச்சு அங்கயும் ஒரு கோலம் போட்டாங்க, கோலத்து மேல கோழிக் கழிவ கொட்ட எவனுக்கும் மனசு வரல. அப்பறம் லைட்டு. போஸ்ட்ல பல்பு எரிஞ்சதுமே ராத்திரி கொட்டுறது பாதி கொறைஞ்சுச்சு. பசங்க சுண்ணாம்புல கோடு போட்டு ஷட்டில் ஆட ஆரம்பிச்சதும் மிச்ச பாதியும் நின்னுச்சு, சத்தம்னு ரெண்டு வீட்டுல திட்டுறாங்க, பரவால்ல.

அப்பறம் நாப்பது நாள் காவல், ஆரம்பத்துல பாத்த அதே நேரம், அதே சேர். யாராவது பைய வீச வந்தா திட்டாதீங்க, "வண்டி ஆறேகாலுக்கு வருதுங்க, முடியலன்னா என் வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போங்க, நான் குடுத்துடறேன்"னு சொல்லுங்க. மீறி விழுந்துச்சுன்னா பத்து நிமிசத்துல எடுத்துருங்க, முதல் பை கிடந்தாதான் ரெண்டாவது பை வரும். பைய பிரிச்சு உள்ள இருக்க கொரியர் கவர்ல அட்ரஸ் பாத்து அவங்க வாசல்லயே போயி கொட்டுறது வீடியோல நல்லாருக்கும், எங்க தெருவுல ஒரு தடவை பண்ணி போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போச்சு. தனியா போயி மெதுவா பேசுனாலே போதும், மாட்டிக்கிட்டோமேன்னு கூச்சம் தானா வரும். கடைக்காரங்ககிட்ட மட்டும் சுகாதார ஆய்வாளர வச்சு பேசுங்க, லைசென்ஸ் அவங்க கைல இருக்கு, கோழிக் கழிவ எடுத்துட்டுப் போற வண்டிக்கு அவரே ஏற்பாடு பண்ண வைங்க. கல்யாண மண்டபம் இருந்தா இதையும் சொல்லுங்க: திடக்கழிவு விதிப்படி லைசென்ஸ் இல்லாத எடத்துல நூறு பேருக்கு மேல கூடுற விசேசம்னா மூணு வேலை நாளுக்கு முன்னாடியே உள்ளாட்சிக்கு சொல்லணும், பிரிச்சும் குடுக்கணும்.

மக்கும் குப்பை வெளிய போகாம தெருவுலயே முடிஞ்சா பாதி தலைவலி போச்சு. கேரளாவுல ஆலப்புழால 2012ல குப்பைமேடு இருந்த கிராமத்து மக்கள் குப்பை லாரிய மறிச்சு நிறுத்திட்டாங்க, கொட்ட எடமில்லாமதான் அந்த டவுன் வீட்டு அளவுல, தெரு அளவுல உரமாக்கப் பழகுச்சு. அங்க வைக்கிற தும்பூர்முழி தொட்டி ரொம்ப சிம்பிள், நாலடிக்கு நாலடி, காத்து போற மாதிரி சந்து விட்டு ஃபெரோசிமெண்ட்லயோ (கம்பி வலை வச்சு பூசுற சிமெண்ட்) கல்லுலயோ கட்டி, அடில பச்சைச் சாணி, அதுக்கு மேல காஞ்ச சருகு, அதுக்கு மேல காய்கறிக் கழிவு, திரும்ப சாணி. ஒழுங்கா போட்டா நாறாது, மூணு மாசத்துல உரம். நாத்தம் வந்துச்சுன்னா சருகு பத்தலன்னு அர்த்தம். காசுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கு, மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மிச்சத்த அரசாங்கம் போடும், நீர்நிலைன்னா பாதிக்குப் பாதி. எங்களோடது இன்னும் எஸ்டிமேட்லதான் நிக்குது, அதுவரைக்கும் ரெண்டு ஆட்டுக்காரங்க வீடு வீடா வந்து காய்கறித் தோல வாங்கிட்டுப் போறாங்க.

கொசுவுக்கு புகை அடிக்கச் சொல்லி மட்டும் மனு போடாதீங்க, புகை பறக்குற கொசுவத்தான் கொல்லும், புழு தண்ணிலயே இருக்கும். டெங்கு கொசு சாக்கடைல இல்லாம நல்ல தண்ணிலதான் முட்டை வைக்கும், டயரு, தேங்காச் செரட்டை, ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, வாரம் ஒரு நா எல்லாத்தையும் கவுத்தி, தொட்டிய வெறுமன தண்ணி மாத்தாம ஓரத்த தேச்சு கழுவணும், முட்டை ஓரத்துலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும்.

அப்பறம் முதல் கனமழை பேயறப்ப வீட்டுக்குள்ள பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருக்காம குடைய பிடிச்சுக்கிட்டு தெருவுல எறங்குங்க. தண்ணி எங்க தேங்குது, எந்த வீட்டு வாசல்ல ஏறுது, எத்தன மணி நேரம் நிக்குதுன்னு நேரத்தோட போட்டோ எடுத்து, தண்ணி நின்ன மட்டத்துல செவத்துல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுருங்க. அடுத்த மனுவுக்கு அந்த கோட்ட விட பெரிய ஆதாரம் கிடையாது, எங்க தெருவுல வாறுகால் மட்டத்த ஒரு சாண் எறக்கிக் கட்டிக் குடுத்தது அதக் காட்டித்தான்.